கப்பல் அக்காவின் பெரட்டு

மலாக்கா நீரிணையில் இதுவரை அதிகக் கப்பல்களைக் கொள்ளையடித்தவர் யார் என்று யாராவது உங்களைக் கேட்டால் யோசிக்காமல் சொல்லுங்கள்: எங்கள் கப்பல் அக்கா. போர்த்துகீசியக் கப்பல், டச்சுக் கப்பல், பட்டு ஏற்றி வந்த சீனக் கப்பல், எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. அத்தனையையும் ஒரு வெள்ளை வேனின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடி, மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் செய்து முடித்தார். அக்காவுக்கு நீச்சல் தெரியாது. படகில் ஏறியதே இல்லை. சாலையில் மழைத்தண்ணீர் தேங்கி நின்றால் வேனை ஓரங்கட்டி, முன்னால் போகிற மோட்டார் சைக்கிளுக்கு எவ்வளவு நனைகிறது என்று பார்த்துவிட்டுத்தான் இறக்குவார்.

அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல். லாபு பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தொழில், கையுறைத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றுவது. காலை ஐந்தே முக்காலுக்கு லாபுவில் புறப்பட்டு, மம்பாவில் நான்கு பேர், ரஹாங்கில் இரண்டு பேர் என்று பொறுக்கிக்கொண்டு, ஏழு மணி ஷிப்டுக்கு செனவாங்கில் இறக்க வேண்டும். வேனில் பதினான்கு பெண்கள். பதினைந்தாவது ஆள் நான். அந்தத் தொழிற்சாலை ஸ்டோரில் கிராணி வேலை, அதாவது கணக்கு எழுதுகிற வேலை, பார்த்தேன். 'ஸ்டோர் தம்பி' என்று கூப்பிடுவார்கள். என் சொந்தப் பெயரை அந்த வேனில் ஆறு வருஷம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதல் நாள் நான் ஏறி உட்கார்ந்ததும் முன் இருக்கையில் இருந்த முனியம்மா அக்கா திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவு. கையுறையில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற கண். பார்த்துவிட்டு ஓட்டுநரிடம், "கைதி கெடச்சிட்டான்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேன் தோட்டத்து வாசலைத் தாண்டியதும் புரிந்தது.

கப்பல் அக்கா ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார். நான் ஏறியபோது ஐந்து வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார். நாகப்பட்டினத்து வணிகர் ஒருவரின் மகள் நீலாயதாட்சி. அப்பாவின் கப்பலைப் போர்த்துகீசியர் பறித்துக்கொள்கிறார்கள். அவள் நாற்பத்திரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு வேறொரு கப்பலைப் பிடித்து, லிங்கி ஆற்று முகத்துவாரத்தில் ஒளிந்திருந்து, மலாக்காவுக்குப் போகிற வருகிற கப்பல்களையெல்லாம் மடக்குகிறாள். முந்தின நாள் எழுதியதை மறுநாள் காலை ஓட்டிக்கொண்டே சொல்வார். போகும்போது கதை, வரும்போது தூக்கம். அதுதான் சட்டம்.

கதையில் ஆண் பாத்திரம் வந்தால் அதற்கு ஒரு முகம் வேண்டுமே. வேனில் இருந்த ஒரே ஆண் முகம் என்னுடையது. ஆகவே பிடிபட்ட போர்த்துகீசியத் தளபதி நான்தான். டச்சுக்காரனுக்கு உளவு சொன்ன துரோகி நான்தான். குழம்பில் உப்பை அள்ளிப்போட்ட சமையல்காரனும் நானே. ஒரே வாரத்தில் திங்கட்கிழமை என்னைப் பாய்மரத்தில் தூக்கில் போட்டார்கள், வியாழக்கிழமை லிங்கி ஆற்று முதலைக்குப் போட்டார்கள். முதலைக்குப் போட்ட அன்று பின்னால் இருந்து ஒரு பெண் எனக்கு வடை கொடுத்தாள். ஒருமுறை தாங்க முடியாமல், என்னையும் கப்பலில் சேர்த்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டுவிட்டேன்.

"ஆம்பளைக்கு இடம் இல்ல தம்பி," என்றார் அக்கா, கண்ணாடியில் என்னைப் பார்த்து. "கைதியா இருக்கறதுக்கே நீ கொடுத்து வச்சிருக்கணும்."

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அக்காவுக்குக் கப்பல் தெரியாது. அவருக்குத் தெரிந்த ஒரே பெரிய நிர்வாகம் தோட்டம். அதனால் அந்தக் கொள்ளைக்கப்பல் முழுக்க முழுக்க ரப்பர்த் தோட்டம் மாதிரியே நடந்தது. மேல்தளத்தில் வேலை வாங்க ஒரு மண்டோர், பீரங்கிக்கு ஒரு மண்டோர். மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது அல்லவா, கப்பலிலும் மழை நாளில் கொள்ளை கிடையாது. எல்லாரும் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார்கள். இதைப் போர்த்துகீசியர் எப்படியோ தெரிந்துகொண்டு மழை நாளில் மட்டும் கப்பல் விட ஆரம்பித்தார்கள். அந்தச் சதியை நீலாயதாட்சி முறியடிக்க மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் வேனில் ஒருவரும் லீவு போடவில்லை.

கப்பலின் அடித்தளத்தில் ஆயாக் கொட்டகை கூட இருந்தது. தோட்டத்தில் வேலைக்குப் போகிற தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற இடம். நான் சிரித்துவிட்டேன். கொள்ளைக்கப்பலில் குழந்தைத் தொட்டிலா? அக்கா கோபப்படவில்லை. நாற்பத்திரண்டு பொம்பளைகள் கத்தியை எடுத்துக்கொண்டு போனால் பிள்ளைகளை யார் பார்ப்பது, இதுவரை எழுதிய ஆம்பளை ஒருவனாவது யோசித்தானா என்று கேட்டார். நானும் யோசித்ததில்லை. அதிலிருந்து, தொட்டிலில் பிள்ளைகள் தூங்குகிற நேரம் பார்த்து எதிரி வந்தால் பீரங்கி வெடிக்காமல் கத்திச் சண்டை மட்டும் நடக்கும் என்பதை நான் மரியாதையோடு கேட்டுக்கொண்டேன்.

கதை வேகம் பிடிக்கப் பிடிக்க வேன் வேகம் குறையும், அதுதான் சங்கடம். கப்பலோடு கப்பல் மோதுகிற கட்டத்தில் நாங்கள் இருபதில் ஊர்ந்துகொண்டிருப்போம். பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். தொழிற்சாலையில் தாமதமாக வருகிறவர்கள் ஒரு புத்தகத்தில் காரணம் எழுத வேண்டும். அந்தப் புத்தகம் ஸ்டோருக்குப் பக்கத்து மேசையில்தான் இருக்கும். ஒருநாள் புரட்டிப் பார்த்தேன். பதினான்கு பேரும் வரிசையாக ஒரே காரணம் எழுதியிருந்தார்கள்: 'போர்த்துகீசியர் தாக்குதல்.' சூப்பர்வைசர் தமிழ் தெரியாதவர். நல்ல மனுஷன், கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எங்களை இறக்கிவிட்டதும் அக்கா வேனைத் தொழிற்சாலை நிறுத்துமிடத்தில் மரநிழலில் விட்டு, ஸ்டீயரிங் மேல் பள்ளிக்கூட நோட்டை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்துவிடுவார். உணர்ச்சிவசப்பட்டால் முழங்கை அழுந்தி ஹாரன் அடிக்கும். ஹாரன் கேட்டால், "ஒரு கப்பல் மாட்டிக்கிச்சு" என்று வாசலில் காவல் இருக்கும் ஜாகா சொல்வாராம்.

கப்பல் சம்பந்தமாகச் சந்தேகம் வந்தால் அக்காவுக்கு ஒரே ஆலோசகர், மம்பாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய். அவருடைய முப்பாட்டன் நாகூர்ப் பக்கம் கப்பல் ஓட்டியவராம். அந்த ஒரு தகுதி போதும் என்று அக்கா முடிவு செய்துவிட்டார். பாய் பிறந்து வளர்ந்தது எல்லாம் ரொட்டிக் கல்லுக்கு முன்னால். லங்காவித் தீவுக்குப் படகில் போனவர் திரும்பி வரும்போது விமானத்தில் வந்தார். ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாது என்று சொல்லி அனுப்புகிற வழக்கம் அந்தக் கடையில் இல்லை. புயலில் கப்பல் எந்தப் பக்கம் சாயும் என்று கேட்டால் தே தாரே டீ ஆற்றுகிற குவளையை இடமும் வலமும் ஆட்டிக் காட்டுவார். பாயின் உபயத்தில் அந்தக் கொள்ளைக்காரிகள் நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே தினமும் ரொட்டி சானாய் பசியாறினார்கள்.

ஒருமுறை தொழிற்சாலைக் குடும்ப விழா போர்ட்டிக்சன் கடற்கரையில் நடந்தது. அக்காவையும் வற்புறுத்திக் கூட்டிப்போனோம். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் கடலைப் பார்த்தார். "அலை பத்தாது" என்றார். போய் வேனில் உட்கார்ந்துகொண்டார்.

இனி பெரட்டுக்கு வருகிறேன். தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் அன்றைக்கு வேலை இல்லை. நீலாயதாட்சியின் கப்பலிலும் பெரட்டு உண்டு. ஒவ்வொரு அத்தியாயமும் பெரட்டில்தான் தொடங்கும். தூரத்தில் எதிரிக் கப்பல் தெரிந்தாலும் சரி, பெரட்டு முடிந்த பிறகுதான் சண்டை. நாற்பத்திரண்டு பெயரையும் அப்பன் பெயரோடு சேர்த்துக் கூப்பிட வேண்டும், ஒவ்வொருத்தியும் 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும்.

வேனிலும் அது நடந்தது. வண்டி லாபு சாலையில் ஏறியதும் அக்கா கூப்பிட ஆரம்பிப்பார். நாற்பத்திரண்டில் பதினான்கு, வேனில் இருந்த பெண்களின் பெயர்கள். அவரவர் பெயருக்கு அவரவர் 'இருக்கேன்' சொல்வார்கள்; மம்பாவிலும் ரஹாங்கிலும் ஏறுகிறவர்கள் படியில் கால் வைக்கும்போதே சொல்லிவிடுவார்கள். மீதி இருபத்தெட்டும் எனக்குத் தெரியாத பெயர்கள். அதற்கு யாராவது ஒருத்தி சொல்லிவிடுவாள். கைதிக்குப் பெரட்டு கிடையாது. நான் அந்த நேரம் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்குவேன். உண்மையைச் சொல்வதென்றால் எனக்கு அது அலுப்பு. ஆறு வருஷமாக அதே நாற்பத்திரண்டு பெயர், யாருக்குத்தான் அலுக்காது?

பதினோராவது வருஷம் நாவல் முடிந்தது. பதினேழு நோட்டு. அக்கா அதில் முதல் மூன்றைப் பிரதியெடுத்துக் கோலாலம்பூரில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினார். அக்காவிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய கைப்பேசி. அதனால் தொடர்புக்கு என் எண்ணைக் கொடுத்தார். புத்தகம் வந்தால் முதல் பிரதி யாருக்கு, அட்டை என்ன நிறம், எல்லாம் வேனில் முடிவாகிவிட்டது. அந்த வாரங்களில் அக்கா நாற்பத்தைந்தில் கூட ஓட்டினார். அவ்வளவு சந்தோஷம்.

பதில் என் கைப்பேசிக்கு வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார் அந்தப் பதிப்பகக்காரர். கதை பிடித்திருக்கிறது, தீபாவளிக்குப் போட்டுவிடலாம், தட்டச்சு செய்து இரண்டு திருத்தங்களோடு அனுப்புங்கள் என்றார். ஒன்று, அந்தப் பெயர்ப் பட்டியல் போக வேண்டும். கொள்ளைக்கப்பலில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் வாசகன் தூங்கிவிடுவான். இரண்டு, கடைசியில் நாயகிக்கு ஒரு கல்யாணம் வேண்டும்.

தூங்கிய வாசகன் நானே என்பதால் முதல் திருத்தம் எனக்கு நியாயமாகப் பட்டது. இரண்டாவதும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அக்காவிடம் சொன்னால் மாட்டேன் என்பார், பதினோரு வருஷம் வீணாகப் போகும். சொல்லாமல் செய்துவிட்டால் புத்தகம் கைக்கு வரும், கையில் வாங்கிய பிறகு யாராவது கோபப்படுவார்களா? இப்படியெல்லாம் கணக்குப் போட்டு, தட்டச்சு மட்டும் செய்து அனுப்பச் சொன்னார்கள் என்று அவரிடம் பொய் சொன்னேன். பதினேழு நோட்டையும் நம்பி என் மடியில் வைத்தார்.

இரண்டு மாதம் ராத்திரியும் பகலும் தட்டினேன். பெரட்டு வந்த இடத்தையெல்லாம் வெட்டினேன். கடைசி அத்தியாயத்தில் நீலாயதாட்சிக்குக் கல்யாணமும் செய்து வைத்தேன். இங்கே இன்னொரு தப்பும் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை ஒரு இளவரசன். அவன் எப்படி இருப்பான் என்று எழுத வேண்டியிருந்தது. ஆறு வருஷமாக முதலை வாயில் கிடந்தவனுக்கு ஒரு ஆசை இருக்காதா? மெலிந்த உடம்பு, சுருட்டை முடி, சிந்தனையில் ஆழ்ந்த முகம், மூக்குக் கண்ணாடி என்று எழுதிவிட்டேன்.

அனுப்புவதற்கு முந்தின நாள் காலை, வேனில் ஏறியதும் அக்கா சொன்னார், எதுவானாலும் நம்ம வண்டியில் ஒருதடவை படித்துவிட்டுத்தான் போக வேண்டும், இன்றைக்கு நீ படி என்று. தப்பிக்க வழியில்லை. முதல் அத்தியாயத்தை எடுத்து, "நடுக்கடலில் பீரங்கி முழங்கியது" என்று ஆரம்பித்தேன். பத்து வரி போயிருக்கும். முனியம்மா அக்கா திரும்பினார். ஓட்டை கண்ட கண்.

"பெரட்டு எங்க தம்பி?"

மம்பாவ் தாண்டி ஓரிடத்தில் அக்கா சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, ஒழுங்காக வேனை ஓரங்கட்டினார். இன்ஜினையும் அணைத்தார். கதைக்காக மெதுவாகப் போயிருக்கிறோமே தவிர அந்த வேன் வழியில் நின்று நான் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பதிப்பகக்காரர் எழுதியது, நான் மறைத்தது, வெட்டியது, கல்யாணம் உட்பட.

"மாப்பிள்ள யாரு?" என்று கேட்டார் முனியம்மா அக்கா.

"ஒரு இளவரசன்."

"கண்ணாடி போட்டிருக்கானா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேன் மொத்தமும் சிரித்தது. சிரித்துச் சிரித்து ஒருத்திக்கு இருமல் வந்துவிட்டது. கப்பல் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எங்கம்மா பால் வெட்டுனவங்க. வீட்டுல அப்பா 'ஏய்'னு கூப்பிடுவாரு. மண்டோர் 'ஏ பொண்ணு'ம்பாரு. லயத்து வீடுகள்ல 'பெருமாளு மக'. அவங்களுக்குன்னு ஒரு பேரு இருக்குறதே பெரட்டுலதான் எனக்குத் தெரியும். சின்னப்புள்ளையா அவங்க கைலிய புடிச்சிக்கிட்டு நிப்பேன். கிராணி கூப்பிடுவாரு, அஞ்சலை பெருமாள். எங்கம்மா நிமிந்து நின்னு 'இருக்கேன்'ம்பாங்க. அவரு கூப்பிட்டது வேலை வாங்கத்தான்லா, எனக்குத் தெரியும். ஆனா கூப்பிட்டாரு. அந்த வரிசைல நின்னவங்க இருபத்தெட்டு பேரு. எனக்கு அத்தனை பேரும் ஞாபகம் இருக்கு. வேற எங்கயும் அந்தப் பேரு எழுதல தம்பி. கல்லுலயும் இல்ல."

ஆறு வருஷம் நான் தூங்கிக் கழித்த இருபத்தெட்டுப் பெயர்கள். எனக்கு அழுகை வந்தது, வெட்கம் பார்க்காமல் அழுதேன். பின்னாலிருந்து யாரோ ஒரு கைக்குட்டையை நீட்டினாள்.

அக்கா வண்டியை எடுத்தார். அன்றைக்குக் கதை இல்லை. தொழிற்சாலை வாசலில் நான் கடைசியாக இறங்கியபோது சொன்னார். "எழுதி அனுப்பு. பெரட்டு இருக்கும். கல்யாணம் இல்ல."

பதிப்பகத்துக்கு அப்படியே எழுதி அனுப்பினேன். பதிப்பகக்காரர் வருத்தம் தெரிவித்து ஒரு வரி எழுதினார். அதோடு தீபாவளிப் புத்தகம் போயிற்று. அதை அக்காவிடம் சொன்னபோது, சரி என்று சொல்லிவிட்டுப் பெட்ரோல் போட இறங்கிப் போனார். திரும்பி வர ரொம்ப நேரம் ஆயிற்று.

வெட்டியதையெல்லாம் மறுபடி தட்டினேன். இந்தத் தடவை ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினேன். ஒரு மாதத்தில் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. ரஹாங்கில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் திருவிழா நோட்டீசும் அடிக்கிற ஒரு கடை உண்டு. வேன் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட, அங்கேயே அடித்து, கம்பிச் சுருள் கோத்துப் புத்தகம் ஆக்கினோம். அட்டைக்குக் கப்பல் படம் கேட்டோம். கடைக்காரர் புகைபோக்கி வைத்த பெரிய பயணிகள் கப்பலைப் போட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, பழக்கதோஷத்தில் கீழே 'அனைவரும் வருக' என்று சேர்த்துவிட்டார். நான் பதறிப்போனேன். அக்கா அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "புகை வருது, வெளக்கும் எரியுது. போர்த்துகீசியன் பயப்படுவான், விடு" என்றார்.

புத்தகம் கொடுத்த அன்று காலை லாபுவில் வேன் உடனே புறப்படவில்லை. அக்கா முன் இருக்கையிலிருந்து எங்களைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு பெரட்டு எடுத்தார். மம்பாவ், ரஹாங் பெண்களும் அன்றைக்கு லாபுவுக்கே வந்துவிட்டார்கள். ஒவ்வொருத்தியாக 'இருக்கேன்' சொல்லிப் பிரதி வாங்கினார்கள். அஞ்சலை பெருமாள் என்று கூப்பிட்டபோது நான்தான் 'இருக்கேன்' என்றேன். என்னையறியாமல் வந்துவிட்டது. அக்கா அடுத்த பெயருக்குப் போனார். நாற்பத்திரண்டு முடிந்தது. புத்தகத்தை மூடுவார் என்று பார்த்தால் மூடவில்லை.

"குணசேகரன் ராமையா."

எனக்கு ஒரு நிமிஷம் அது யார் என்றே விளங்கவில்லை. முனியம்மா அக்கா என் முழங்காலில் தட்டினார். கடைசி அத்தியாயத்துப் பெரட்டில், நாற்பத்து மூன்றாவதாக, அச்சில் இருந்தது என் பெயர். நான் தட்டியபோது இல்லை. கடைக்காரரிடம் சொல்லித் தனியாகச் சேர்த்திருக்கிறார்.

"என் பேரு எப்படிக்கா தெரியும்?"

"கழுத்துல தொங்குதேலா," என்றார். ஆறு வருஷமாக நான் மாட்டிக்கொண்டிருந்த தொழிற்சாலை அட்டையைச் சொன்னார். "சொல்லு. வேலை இருக்கு."

"இருக்கேன்" என்றேன்.

அக்கா முன்பக்கம் திரும்பிச் சாவியைப் போட்டார். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. கேப்டனின் பெயரை யார் கூப்பிடுவது? அவரை எல்லாரும் கப்பல் அக்கா என்றுதான் சொல்கிறோம். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஓட்டுநர் அனுமதி அட்டை ஒட்டியிருக்கும். வெயிலில் வெளுத்துப்போய், எழுத்து பாதி அழிந்து, எத்தனையோ வருஷமாக எங்கள் எல்லாருடைய கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. நான் எட்டிக் குனிந்து, அதிலிருந்த பெயரை, அப்பன் பெயரோடு சேர்த்து, சத்தமாகப் படித்தேன்.

சாவியில் வைத்த கை அப்படியே நின்றது. அவர் முகம் கண்ணாடியில் தெரிந்தது, நான் பார்க்காதது மாதிரி இருந்துகொண்டேன். இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, "இருக்கேன்" என்றார்.

அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். அது காலை ஐந்தே முக்காலுக்கு, வேனுக்குள், வாய்விட்டுக் கூப்பிட வேண்டிய பெயர். நான் இப்போது வேறு வேலையில் இருக்கிறேன், சொந்தமாகக் காடியும், கார்தான், வாங்கிவிட்டேன். இருந்தாலும் மாதத்தில் ஒருநாள் லீவு போட்டுவிட்டு, விடியுமுன் லாபுவுக்குப் போய் அந்த வேனில் ஏறிக்கொள்கிறேன். அக்காவின் பெயரைக் கூப்பிட ஆள் வேண்டுமே.